நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் அதனைக் காத்தாரும்

ஒருவர் இயற்றிய இசைப்பாட்டு அவர் காலத்தின் பின்னும் நிலைபெறுதல் அவர் புலமை ஒன்றானே ஆவதன்று. ஏட்டில் எழுதினார், அச்சிட்டார், பாடினார், நடித்தார், வரலாறு வரைந்தார் எனப் பலர் கைப்பட்டே அது நம்மிடம் வந்து சேர்கின்றது. வந்து சேர்ந்த பொருள் புறப்பட்ட பொருள்தானா என்று வினவுதல் நூலாராய்ச்சி உடையார்க்குக் கடன். அவ்வினாவைக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைமேல் வைத்து ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி சோழநாட்டார்க்கே உரியதன்று. தமிழகத்தின் வடமேற்கு எல்லையிலுள்ள ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதியை நோக்குக. ஆண்டுத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு தெருவிலேயே வழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர்த் தென்மாவட்டங்களிலிருந்தும் காவிரி நாட்டிலிருந்தும் பிழைப்பு நாடி வந்து குடியேறினோர் பலர். குன்றின்மேற் கோயில்கொண்ட சந்திரசூடேசுவரரை மூன்று மொழியாரும் வழிபடுகின்றனர். இத்தகைய ஊர்களில் வாழ்வார்க்கு நாயன்மார் வரலாறு பெரும்பாலும் பாட்டு வழியாகவும் படக்காட்சி வழியாகவுமே கிடைக்கின்றது. அங்ஙனம் கேட்டார் ஒருவர், திருநாளைப்போவார் ஒரு வேதியரின் பண்ணையாள் என்றும், நாற்பது வேலி நிலத்தைப் பயிரேற்றி அறுத்தாலன்றித் தில்லைக்குச் செல்ல விடை பெறாதவர் என்றும் கூறின், அவரைக் குறைகூற இயலுமோ? பாடினார் அவ்வாறே பாடினர். கேட்டார் அவ்வாறே கொண்டனர். ஆயின், சேக்கிழார் திருவாக்கில் அவ்வேதியர் இல்லை. நாற்பது வேலியும் இல்லை.

முதற்கண் மூலநூல்களைக் காண்பாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரின் பெயரை மட்டும் எடுத்தோதினர். நம்பியாண்டார் நம்பி தம் திருவந்தாதியில், ஆதனூரிற் புலையர் குலத்துத் தோன்றியதும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானதும் குறித்தனர். இவ்விரண்டையும் கொண்டு பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் விரித்தோதினர். அப்புராணத்தில் நந்தனார் எவர்க்கும் அடிமையல்லர். ஊரார் விட்ட நிலத்தின் விளைவை உணவுரிமையாகக் கொண்டு வாழ்பவர். கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்து வருபவர். திருப்புன்கூரில் இறைவன் நேர் தோன்ற இடபதேவர் விலகியதும், ஆண்டு அவர் குளம் வெட்டியதும் சொல்லப்படுகின்றன.

அதன்பின் தில்லை வேட்கை எழுகின்றது. இரவெல்லாம் கண் துயிலாது, விடிந்தபின் 'என் பிறவிக்கு இது பொருந்தாது' என்று தாமே ஒழிகின்றார். ஆசை மீண்டும் மேலிட, 'நாளைப் போவேன்' என்கின்றார். இங்ஙனம் நாட்கள் கழிகின்றன. இறுதியிற் சென்று, தில்லைத் திருவெல்லையை இரவும் பகலும் வலம் வந்து, உட்புகும் வகை அறியாது வருந்தித் துயில்கின்றார். கூத்தப்பிரான் அவர்தம் கனவிலும் அந்தணர்தம் கனவிலும் தோன்றி ஆணையிட, எரியிடை மூழ்கி முனிவராய் எழுந்து திருவடி சேர்கின்றார். ஆகவே, 'நாளைப் போவார்' என்னும் பெயர் அவர்தம் நெஞ்சில் நிகழ்ந்த போராட்டத்தினாற் பிறந்தது. தடுத்தவர் பிறரல்லர், குலம்பற்றிய எல்லையை மதித்த அவர்தம் அச்சமே தடுத்தது.

இனிக் கீர்த்தனையை நோக்குவாம். நரிமணத்திற் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்து, 1896-இல் மறைந்த பாரதியார், இயற்பகை நாயனார், திருநீலகண்ட நாயனார், காரைக்காலம்மையார் வரலாறுகளையும் கீர்த்தனைகளாகப் பாடியவர். எனினும் அவர்க்கு அழியாப் புகழ் தந்தது நந்தனார் சரித்திரமே. அதன்கண் நந்தனார் வேதியர் ஒருவரின் பண்ணையாள். தில்லைக்குச் செல்ல ஆண்டையின் விடை வேண்டும், ஆண்டையோ வெகுள்கின்றார், பின்னர் நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துச் செல்க என்கின்றார். இறைவனருளால் அஃது ஓரிரவில் முடிகின்றது. அதுகண்ட வேதியர் தம் ஆளின் அடியிலேயே வீழ்கின்றார். ஈண்டும் நாட்கள் கழிகின்றன. கழிதற்குக் காரணமோ ஆண்டையின் மறுப்பு. சேக்கிழார் அகத்தே வைத்த தடையைப் பாரதியார் புறத்தே வைத்தார். ஒரு பாத்திரத்தைச் சேர்த்தமையால் அடியாரின் திருப்பெயர்க்கே பொருள் வேறாயிற்று. இதனினும் பெரிய பாடவேறுபாடு யாதுளது?

இம்மாற்றம் பழிக்கத்தக்கதோ எனின், ஆராய்ந்தே கூறல் வேண்டும். பாரதியார் வாழ்ந்த தஞ்சை நாட்டில், 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறையை நீதிமன்றம் ஏற்றலாகாது என்று விதித்த பின்னரும், பண்ணையாள் நிலை ஒழிந்திலது. தம் கண்முன் வயலில் வருந்திய மக்களைப் பாரதியார் கண்டார். அடியார் வரலாற்றில் அவர்தம் துயரை ஏற்றிப் பாடினார். சேக்கிழார் கூறாத ஓர் உண்மையை, சேக்கிழார் காலத்ததன்று எனினும், தம் காலத்ததாகக் கூறினார். இது கவியின் உரிமை. அவ்வுரிமையை மறுப்பார், கன்னடத்தில் அரிகரர் நாயன்மார் பலர் வரலாற்றை இரகளை யாப்பிற் பாடியதையும், தெலுங்கிற் பால்குரிகி சோமநாதர் பசவபுராணத்திற் கண்ணப்பரையும், சிரியாளர் என்னும் பெயரொடு சிறுத்தொண்டரையும் தம் நெறிக்கு இயையப் பாடியதையும் மறுத்தல் வேண்டும். ஆயின், அந்நூல்களைக் கற்பார் அவற்றை அரிகரர் நூலென்றும் சோமநாதர் நூலென்றுமே அறிகின்றனர். சேக்கிழார் வாக்கென்று மயங்குவதிலர். மயக்கம் கீர்த்தனையின்கண் நேர்ந்தது. அதற்குக் காரணர் பாரதியாரோ, அவர் புகழைக் காத்தவரோ என்பதே ஈண்டைக்கு வினா.

காத்தவர்களை வரிசைப்படுத்தி நோக்குவாம். காரைக்காலில் அலுவல் பார்த்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரி கீர்த்தனையில் ஈடுபட்டு அதனை அச்சேற்றுவித்தார். வேற்று நாட்டவராகிய அவர் செய்த உதவியால் நூல் ஏட்டளவில் நின்று மறையாது பிழைத்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், பாரதியார் சிறப்புப் பாயிரம் வேண்டியபோது, இலக்கணப் பிழைகள் உண்மையால் முதலில் இசைந்திலர். பல முறை வந்து திரும்பிய பாரதியார் ஒரு நாள் உருகிப் பாடியதைக் கேட்ட பின்னரே நெஞ்சம் நெகிழ்ந்து பாயிரம் அளித்தனர். இச்செய்தியை நமக்கு வழங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்.

ஐயரவர்கள் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்ட தொடக்கத்தில், மாயூரத்திற் பாரதியாரிடம் இசையும் பயின்றனர். ஆசிரியர் அதனை விரும்பாமை அறிந்து விடுத்தனர். அறுபது ஆண்டுக்கு மேற் கழிந்தபின், 1936-இல், தம் முதுமையிற் பாரதியார் வரலாற்றைத் தனி நூலாக எழுதி வெளியிட்டனர். அந்நூலைப் பிற வாழ்த்துரைகளின் வேறாக்குவது ஒன்றுண்டு. பாரதியாரின் பெருமையைக் கூறிய ஐயரவர்கள், பிள்ளையவர்கள் பாயிரம் தர மறுத்ததையும், மறுத்ததற்குக் காரணத்தையும் மறைத்திலர். இருவரும் அவர்க்கு ஆசிரியர். ஒருவரை உயர்த்தற்பொருட்டு மற்றவரைத் தாழ்த்தவும் இல்லை. குறையையும் நிறையையும் ஒருங்கே வைத்துக் காத்தலே காத்தல் என்பதற்கு அந்நூல் சான்று.

இனி, பாடிப் பரப்பினார். தஞ்சைக் கிருஷ்ண பாகவதர் முதலாயினார் இதனைக் கதாகாலட்சேப மேடையிற் பாடி நாடெங்கும் பரப்பினர். 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்திற் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் ஜெமினி நிறுவனத்தார் எடுத்த நந்தனாரில், தேவார இன்னிசையில் வல்ல எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகவும், செருக்களத்தூர் சாமா வேதியராகவும் தோன்றினர். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் நிறுவப்பட்டபின், தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் உரிமை வேண்டினார்க்குப் பாரதியார் கீர்த்தனைகள் பெருந்துணையாயின. இவர்கள் தொண்டு பெரிது. எழுத்தறியாதார் செவியிலும் அடியார் பெயரைச் சேர்ப்பித்தது இவர்தம் குரலே. கோயில் நுழைவுக் கிளர்ச்சி நாட்டில் எழுந்த காலத்து மக்கள் நெஞ்சம் ஓரளவு பண்பட்டிருந்ததென்றால், அதில் இப்பாட்டுக்கும் பங்குண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்து 1939-இற் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தபோது, நந்தனார் என்னும் பெயர் தமிழ் மக்கள் பலர் நாவில் முன்னரே பயின்றிருந்தது.

ஆயினும் குறை இல்லையோ எனின், உண்டு. அஃது இரு வகைத்து. ஒன்று, மேடையும் படமும் கீர்த்தனையின் கதையை நாயனார் வரலாறாகவே வைத்துக் காட்டின. இது சேக்கிழார் வாக்கு, இது பாரதியார் படைப்பு என்று பிரித்துக் காட்டினாரில்லை. மற்றொன்று இதன் மறுதலை. கச்சேரி மேடை கதையை விடுத்துச் சில பாட்டுக்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நடராசப் பெருமானை நோக்கி உருகும் பாட்டுக்கள் நின்றன. சேரிப் பெரியோர் உரையாட்டும், ஆண்டையின் சினமும், வயல்வேலையும் பற்றிய பகுதிகள் மேடையில் அருகின. ஒரு சாரார் பாரதியாரைப் புராண ஆசிரியராக்கினர். மற்றொரு சாரார் உருப்படி ஆசிரியராக்கினர். பண்ணையாளின் கண்ணீரைக் கண்டு பாடிய கவி இவ்விருவர் கையிலும் மறைந்தனர்.

அற்றேல், 'வேதியர் என்பது திரோதான சக்திக்கு உருவகம். நாற்பது வேலி வினைப்போகத்துக்கு உருவகம். ஆகலின் புராணத்தோடு முரண் இல்லை' என்பார்க்கு விடை யாதெனின், கூறுதும். மறைப்பாற்றல் உயிரின் மலம் பரிபாகம் எய்தும் வரையும் உடனின்று நடத்தி, எய்தியபின் அருளாய் விளங்குவது. கீர்த்தனையின் வேதியரோ தாமே அறியாமையில் நின்று, தம் ஆளால் அறிவு பெறுகின்றார். அருள் அவர்வழி நந்தனார்க்கு வரவில்லை. நந்தனார்வழி அவர்க்கு வந்தது. ஆகவே உருவகம் பொருந்தாது. பொருந்துவதாகக் கொள்ளினும், உழைத்து வருந்திய மக்களின் துன்பத்தைத் தத்துவச் சொல்லால் மூடி மறைத்தலாகும். பரிபாகத்தைக் காட்டும் இடம் வேண்டுவார், துயிலாத இரவையும் 'நாளைப் போவேன்' என்னும் சொல்லையும் சேக்கிழாரிடமே காண்க.

இனி, 'புராணத்துக்கு மாறானது ஆகலின் வேதியர் பகுதியை நீக்கிப் பதிப்பிக்க' என்பாரும் உளராகலாம். அதுவும் ஒவ்வாது. ஏட்டிற் கண்ட பாடத்தைத் தம் கொள்கைக்கு இயையத் திருத்துவானைப் பதிப்பாசிரியன் என்னோம். நீக்கிய பின் எஞ்சுவது பாரதியார் நூலும் ஆகாது. சேக்கிழார் நூலும் ஆகாது.

ஆகலின் செயற்பாலது யாது? கீர்த்தனையை முழுமையாகப் பதிப்பிக்க. கொச்சைச் சொல் வந்த இடத்தும் திருத்தாது விடுக. திருநாளைப்போவார் புராணத்தை உடன் வைத்து, வேறுபடும் இடந்தோறும் குறிப்பு எழுதுக. கதாப்பிரசங்கம் செய்வார், வேதியர் வரும் இடத்து 'இது பாரதியார் கூற்று' என்று ஒரு சொற் சொல்லுக. அச்சொல் பாட்டின் சுவையைக் குறைப்பதன்று. பாரதியார் செய்தது எத்துணைப் பெரிது என்பதனை அப்போதே கேட்பார் உணர்வர். எல்லையூர்களில் விழாக் கொண்டாடும் அன்பர்க்கு இது பின்னும் எளிது. மூன்று மொழியில் ஓர் அடியார் வரலாறு மூன்று வகையாக வழங்குதலைக் கேட்டுப் பழகிய செவி, ஒரு மொழியில் இரு வகையாக வழங்குதலையும் ஏற்கும்.

இசைப்புலவர் ஒருவர் மறைந்தபின் அவர் புகழைக் காக்கப் புகுவார் இருவர்க்குக் கடன்பட்டவர்: ஒருவர் அப்புலவர், மற்றொருவர் அப்புலவர் எவரிடம் பொருள் கொண்டாரோ அவர். பாரதியார்க்குரிய கடனைப் பாடினார் பலரும் ஓரளவு தீர்த்தனர். சேக்கிழார்க்குரிய கடன் இன்னும் நிற்கின்றது. இரண்டையும் ஒருங்கே தீர்க்கும் நெறியை 1936-ஆம் ஆண்டின் நூலிலேயே ஐயரவர்கள் காட்டிச் சென்றனர். அந்நெறி நிற்பாரே பாரதியாரைக் காத்தார் என்பது எம் துணிபு.