பேச்சு பெருகிற்று! பார்வை குறுகிற்று!

பந்து பறந்து வருகிறது. பக்கக் கோட்டருகே அதனைப் பெற்ற இளைஞன், எதிர்த்து நிற்பவனை ஏமாற்றிவிட்டு உள்ளே திரும்புகிறான். யார் அவன்? எந்தக் காலால் தட்டினான்? அவனுக்கு வழி திறந்துவிட வேறு பக்கம் ஓடிய தோழன் யார்? அறியத் துடிக்கிறான் திரைமுன் இருக்கும் ரசிகன். வர்ணனையாளரோ, அடுத்த ஞாயிறன்று இதே அலைவரிசையில் வரவிருக்கும் ஆட்டத்தின் அருமை பெருமைகளை அளந்துகொண்டிருக்கிறார்! அவர் பக்கத்தில் அமர்ந்துள்ள பழைய ஆட்டக்காரர், தம் காலத்துக் கதையொன்றைச் சொல்லிச் சிரிக்கிறார். கோல் விழுகிறது. அப்போதுதான் இருவருக்கும் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. உடனே கூச்சல்! காது கிழியும் கூச்சல்!

இங்கிலாந்து நாட்டுக் கால்பந்து ரசிகர்கள், தொலைக்காட்சி வர்ணனை தரம் தாழ்ந்துவிட்டது என்று மனம் நொந்து பேசுகின்றனர். ஆண்டுக்கு ஆண்டு இந்த முறையீடு வளர்கிறது. “விளையாட்டுத்தானே, இதற்கொரு விமர்சனமா?” என்று கேட்பார் சிலர். நாடகத்தை ஆராய்கிறோம், திரைப்படத்தை ஆராய்கிறோம், மேடைப் பேச்சை ஆராய்கிறோம். வாரந்தோறும் பல இலட்சம் இல்லங்களில் புகுந்து, எதைப் பார்ப்பது, எவரை மதிப்பது என்று கற்பிக்கும் குரலை மட்டும் ஆராயாமல் விடலாமா?

வேரிலிருந்து தொடங்குவோம். 1927 ஜனவரி 22. இலண்டன் நகரின் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணியும் ஷெஃபீல்டு யுனைடெட் அணியும் ஆடின. பிபிசி வானொலி முதன்முதலாக ஒரு கால்பந்தாட்டத்தை நேரடியாக வர்ணித்த நாள் அது. வர்ணித்தவர் டெடி வேக்லம். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எண்ணிட்டு, அந்தப் படத்தை வானொலி இதழில் அச்சிட்டிருந்தனர். பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை உடனிருந்த மற்றொருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்பவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தைத் தன் மனக்கண்ணால் தொடர்ந்தான்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, அதே வேக்லம் ரக்பி ஆட்டமொன்றை வர்ணித்தார். அப்போது, பார்வையற்ற ஒருவரை முன்னே அமர வைத்து, “இவருக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்” என்று பணித்தனராம். நூறு பக்கத்தில் எழுதவேண்டிய இலக்கணத்தை ஒரு நாற்காலியில் அமர்த்திக் காட்டிவிட்டனர்! தன்னைக் காட்டிக்கொள்ளப் பேசுவதா, காண முடியாதவனுக்குக் காட்டப் பேசுவதா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் வர்ணனையின் தரம் இருக்கிறது.

தொலைக்காட்சி வந்தது. 1937 செப்டம்பரில், அதே ஹைபரியில், ஆர்சனல் அணி தன் இரண்டாம் அணியோடு ஆடிய ஆட்டத்தைப் பிபிசி படம்பிடித்து ஒளிபரப்பிற்று. இப்போது காட்சி ரசிகன் கண்முன்னே இருக்கிறது. ஆகவே வர்ணனையாளன் வேலை குறைந்ததா? இல்லை, நுட்பமாயிற்று. கண்டதையே மீண்டும் சொன்னால் சலிப்பு. காணாததைச் சொல்ல வேண்டும். சொல்லத் தேவையற்ற இடத்தில் வாய்மூடி இருக்கவும் தெரிய வேண்டும்.

1966 ஜூலை 30. வெம்பிளி மைதானத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். ஆட்டம் முடிந்துவிட்டதென்று எண்ணிச் சிலர் மைதானத்துக்குள் ஓடி வந்தனர். அதனைக் கண்டார் பிபிசியின் கென்னத் உல்ஸ்டன்ஹோம்; கண்டதைச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஜெஃப் ஹர்ஸ்ட் நான்காவது கோலைப் போட்டார். இப்போதுதான் முடிந்தது என்று சொல்லி நிறுத்தினார். அவ்வளவே! அரை நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டு மக்கள் நாவில் அந்தச் சொற்கள் நடமாடுகின்றன. அவை முதல்நாள் இரவு எழுதி வைத்த சொற்கள் அல்ல. கண்ணிலிருந்து நேராக நாவுக்கு வந்தவை.

அது அந்தக் காலம் என்று கையை விரிக்க வேண்டாம். 2012 மே 13 அன்று, கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் மான்செஸ்டர் சிட்டி அணிக்கு அகுவேரோ போட்ட கோல், 44 ஆண்டுகளுக்குப் பின் அந்த அணிக்கு லீக் பட்டத்தைத் தந்தது. வர்ணித்த மார்ட்டின் டைலர், அந்தப் பெயரை ஒரே மூச்சில் நீட்டி முழங்கினார். பிறகு? மௌனம். கூட்டத்தின் ஆரவாரத்தைப் பேசவிட்டார். அந்த மௌனமும் வர்ணனைதான்!

இன்று என்ன குறை? மூன்று நோய்களைச் சொல்லலாம்.

முதல் நோய், ஓயாப் பேச்சு. ஒருவர் பேசிய இடத்தில் இருவர், சில ஆட்டங்களில் மூவர். எத்தனை முறை பந்தைத் தட்டினான், எத்தனை கிலோமீட்டர் ஓடினான் என்ற கணக்குகள் வேறு. கணக்கு வேண்டாமென்று எந்தப் பகுத்தறிவாளனும் சொல்லமாட்டான். ஆனால் கணக்கு ஒரு கேள்விக்கு விடையாக வரவேண்டும். வாயை நிரப்பும் அவலாக வரக்கூடாது.

இரண்டாம் நோய், முன்கூட்டிச் சமைத்த சொல். நான் பள்ளியில் கட்டுரை கற்பிப்பவன். ‘நேற்றுக் கண்ட காட்சி’ என்று தலைப்புக் கொடுத்தால், எதையும் பாராமலே, “எழில் கொஞ்சும் இயற்கை அன்னையின் மடியில்” என்று தொடங்கும் மாணவன் உண்டு. அவனுடைய ஏட்டின் ஓரத்தில் நான் எழுதுவது ஒரே வரி: “நீ என்ன பார்த்தாய்?” கோல் விழுந்த அரை நிமிடத்தில் மூன்று உவமையும் நான்கு எதுகையும் கொட்டும் வர்ணனையாளரைக் கேட்கும்போது, என் கை சிவப்பு மையைத் தேடுகிறது! துண்டுப்படமாகக் கைப்பேசிகளில் சுற்றவேண்டும் என்ற ஆசையில் பிறக்கும் சொல்லலங்காரம் அது. அடுக்குமொழியின் அழகு நாமும் அறிந்ததே. மேடையில் வளர்ந்த தமிழுக்கு அது புதிதல்ல. ஆனால் கருத்தைச் சுமந்து வரும் அடுக்குமொழி வேறு, கருத்தில்லாத இடத்தை மறைக்கும் அடுக்குமொழி வேறு.

மூன்றாம் நோய்தான் முதலிரண்டுக்கும் தாய்: வாணிகம். 2025-26 முதல் நான்கு பருவங்களுக்குப் பிரீமியர் லீக் ஆட்டங்களைத் தம் நாட்டில் ஒளிபரப்ப, ஸ்கை, டிஎன்டி நிறுவனங்கள் முதன்மையாகப் பெற்ற உரிமைகளின் விலை 670 கோடி பவுண்டு! இவ்வளவு கொட்டி வாங்கிய சரக்கை, “இன்றைய ஆட்டம் சுவையற்றது” என்று சொல்ல எந்த வணிகனுக்கு மனம் வரும்? ஆகவே மந்தமான ஆட்டமும் மாபெரும் ஆட்டமாகிறது. சாதாரண உதையும் சரித்திரமாகிறது. இன்னொரு புறம், செலவைச் சுருக்க, மைதானத்துக்கே அனுப்பாமல் எங்கோ ஓர் அறையில் திரைமுன் அமர்த்தி வர்ணிக்கச் செய்யும் வழக்கமும் பல நாட்டு ஒளிபரப்புகளில் பரவியிருக்கிறது. ரசிகன் காணும் அதே படத்தைத்தான் அவரும் காண்கிறார். ரசிகனுக்குத் தெரியாத எதை அவர் சொல்ல முடியும்? குற்றம் வர்ணனையாளர் மீது மட்டுமல்ல. அவர் கண்ணைக் கட்டி வாயை அவிழ்த்துவிட்ட அமைப்பின் மீதும் உண்டு.

இதுவரை ரசிகர் பக்கம் நின்றேன். இனி ரசிகரையும் ஒரு கேள்வி கேட்கவேண்டும்.

2007 ஏப்ரலில், பிபிசியின் புகழ்பெற்ற ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சியில் முதன்முறையாக ஒரு பெண், ஜாக்கி ஓட்லி, ஆட்டமொன்றை வர்ணிக்க வந்தார். அவர் வாய் திறப்பதற்கு முன்பே எழுந்தது எதிர்ப்பு! 2018 உலகக் கோப்பையில் போர்ச்சுகல், மொராக்கோ ஆட்டத்தை விக்கி ஸ்பார்க்ஸ் வர்ணித்து, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அப்பெருமை பெற்ற முதல் பெண்ணானார். அப்போதும் “குரல் பிடிக்கவில்லை” என்றனர் சிலர். தரம் தாழ்ந்தது என்பது குறையா, அல்லது பெண் பேசுகிறாள் என்பது குறையா? முதலாவதாயின் விவாதிப்போம். இரண்டாவதாயின், அந்த முறையீட்டைக் குப்பையில் எறிவோம்!

பழையதெல்லாம் பொன்னென்று கும்பிடுவதும் நம் வேலையன்று. 2004 ஏப்ரலில், மொனாக்கோவுக்கும் செல்சிக்கும் நடந்த ஆட்டம் முடிந்தபின், ஒலிவாங்கி அடங்கிவிட்டதென எண்ணி, கறுப்பின ஆட்டக்காரர் மார்செல் டெசாயியை இனவெறிச் சொல்லால் இழித்தார் ரான் அட்கின்சன். பல்லாண்டுக் கால அனுபவம் பெற்ற வர்ணனைத் துணைவர் அவர். ஐடிவி நிறுவனப் பதவியை விட்டு விலக நேர்ந்தது.

அது வெளிப்பட்ட நஞ்சு. வெளிப்படாமல் பாராட்டாகவே வரும் நஞ்சும் உண்டு. இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் 2019-20 லீக் ஆட்டங்கள் 80-ஐ எடுத்து, ஆங்கில வர்ணனையில் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட 2,073 கூற்றுகளை டென்மார்க்கின் ரன்ரிப்பீட் நிறுவனம் ஆராய்ந்தது. அறிவுக்காக வழங்கப்பட்ட பாராட்டில் 62.6 விழுக்காடு வெளிர்நிறத்தாருக்கே போயிற்று. உடல்வலிமையைப் பற்றிய பேச்சோ, கருநிறத்தாரைக் குறித்து 6.59 மடங்கு மிகுதியாக வரும் நிலையில் இருந்தது. 2020-ல் வெளிவந்த கணக்கு இது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒருவன் எதிரியின் நகர்வை மூன்று நொடி முன்னே கணித்து, பந்தை இடைமறிக்கிறான். அது மூளையின் வேலை. “என்ன உடற்கட்டு!” என்கிறது வர்ணனை. அறிவு ஒரு நிறத்தாருக்கு, உழைப்பு இன்னொரு நிறத்தாருக்கு என்று பிறப்பிலேயே பங்கு பிரித்துக் கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதா? இந்தக் கணக்கை எங்கோ கேட்டதுபோல் இல்லையா?

ஆகவே நோயின் மூலம் ஒன்றே. வாணிகம் சொல்லச் சொன்னதைச் சொல்கிறான். வழக்கம் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான். கண் கண்டதைச் சொல்ல மறந்தான் வர்ணனையாளன். கூச்சலைக் குறைப்பதோடு இது தீராது. பார்வை திருந்த வேண்டும்.

ஹைபரியில் எட்டுக் கட்டம் வரைந்தவர்களுக்கு இன்றுள்ள கருவிகளில் நூறில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் காண முடியாதவனுக்கு உண்மையைக் காட்டவேண்டும் என்ற பொறுப்பு இருந்தது. ஒலிவாங்கியைப் பிடிக்கும் ஒவ்வொருவர் முன்னும், அது மைதானமாயினும் மேடையாயினும், அந்தப் பார்வையற்ற மனிதரின் நாற்காலி இன்னும் கிடக்கிறது. அதில் அமர்ந்திருப்பவர் உவமை கேட்கவில்லை, விளம்பரம் கேட்கவில்லை. அவர் கேட்பது ஒன்றே:

நீ என்ன பார்த்தாய்?