காலியான 39 இடங்கள்

1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய்க்கு வெளிவந்த போக்கிமான் சிவப்பு, பச்சை கேம்களில் நாம் பிடிக்கக்கூடிய போக்கிமான்கள் 151. ஆனால் கேமின் கோடுக்குள் இருக்கும் பட்டியலில் 190 இடங்கள். மீதி 39 இடங்களிலும் ஒரே பெயர்தான் எழுதியிருக்கிறது. ஜப்பானிய மொழியில் 'கெட்சுபன்', ஆங்கிலத்தில் 'மிஸ்ஸிங்நோ'. ரெண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: விடுபட்ட எண்.

அந்த 39 இடத்தில் முதலில் யார் இருந்தார்கள்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்திக்கொண்டிருக்கும் ரசிகர் கூட்டம் ஒன்று உண்டு. வெளிவராத வரைபடங்கள், கண்காட்சிக்காகச் செய்த டெமோக்கள், கைவிட்ட பெயர்ப் பட்டியல்கள் என்று தேடிப் பத்திரப்படுத்துகிறார்கள். சம்பளம் கிடையாது, பட்டம் கிடையாது. இவர்கள் எழுதுவதைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். இந்தப் பதிவில் பாராட்டும் இருக்கு, கொஞ்சம் சண்டையும் இருக்கு.

முதலில் பாராட்டு. அந்த உள் பட்டியல் அகர வரிசையிலும் இல்லை, கேமில் நாம் பார்க்கும் 1 முதல் 151 வரையான வரிசையிலும் இல்லை. முதல் இடத்தில் ரைடான். முதலில் வரையப்பட்ட போக்கிமான் அதுதான் என்று ஓவியர் கென் சுகிமோரியே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இந்தப் பட்டியல் ஏறக்குறைய உருவாக்கிய வரிசையாக இருக்கலாம் என்று ரசிகர்கள் ஊகித்தார்கள். இப்போது இதைப் பாருங்கள்: ஐவிசார் 9வது இடத்தில். அதன் குட்டி வடிவமான பல்பசார் 153ல், பெரிய வடிவமான வீனசார் 154ல். பிளாஸ்டாய்ஸ் 28ல், ஆனால் அதன் குட்டி ஸ்குவர்ட்டில் 177ல். நடுவிலோ கடைசியிலோ வரவேண்டியது முதலிலேயே உட்கார்ந்திருக்கிறது. குடும்பம் என்ற யோசனை பிறகு வந்து சேர்ந்தது என்பதற்கு இது நல்ல தடயம்.

இதோடு விடவில்லை. காலியான இடங்களில் படமும் பெயரும் போய்விட்டாலும், பலவற்றின் கத்தல் ஒலிக்கான எண்கள் அழியாமல் இருக்கின்றன. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த போக்கிமான்கள் பெரும்பாலும் ஒரே அடிப்படை ஒலியைத்தான் சுருதி மாற்றிப் பயன்படுத்தும். அதை வைத்து, காணாமல் போனது எந்தக் குடும்பத்தின் உறவு என்று தேடினார்கள். கடையில் விற்ற கார்ட்ரிட்ஜ் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, சில பைட்டுகளிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். தொழிலில் அடுத்தவர் எழுதிய பழைய கோடைப் பிரித்துப் படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரண வேலை இல்லை.

ஆனால் இதே பட்டியலில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மியூ இருப்பது 21வது இடத்தில். மியூவைக் கடைசி நேரத்தில், பிழை பார்க்கும் கருவிகளை எடுத்த பிறகு மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் சேர்த்ததாக ஷிகெகி மொரிமோட்டோ சொல்லியிருக்கிறார். கடைசியில் வந்தவர் 21ல் இருக்கிறார் என்றால், காலியான பழைய இடத்தில் ஆளைக் குடியேற்றியிருக்கிறார்கள். ஒருவருக்கு நடந்தது இன்னும் பத்துப் பேருக்கு நடந்திருக்கலாம். அதனால் இந்தப் பட்டியலை நாட்காட்டி மாதிரி வாசிக்கக்கூடாது. நல்ல ஆய்வாளர்கள் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அவர்களை மேற்கோள் காட்டுபவர்கள்தான் இந்த வரியை முதலில் வெட்டுகிறார்கள்.

அடுத்து 1997. அந்த வருடம் நவம்பரில் நின்டெண்டோவின் ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் போக்கிமான் தங்கம், வெள்ளி கேம்களின் டெமோவை மக்கள் விளையாடிப் பார்த்தார்கள். கேம் கடைக்கு வந்தது இரண்டு வருடம் கழித்து, 1999 நவம்பரில். வந்தது கிட்டத்தட்ட வேறு கேம். கண்காட்சியில் காட்டியது 2018 மே கடைசியில் இணையத்தில் கசிந்தது. அதற்குள் 251 போக்கிமான்களின் முழுப் பட்டியலே இருந்தது. பலவற்றை நாம் அதுவரை பார்த்ததே இல்லை. தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் மூன்றில் சிக்கோரிட்டா மட்டும்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது. நெருப்புக் கரடியும் கடல்நாய் போன்ற இன்னொன்றும் பிறகு காணோம். வரைபடமும் வேறு: ஜப்பான் முழுவதையும் விரித்து, முதல் கேமின் உலகமான கான்டோவை ஒரே ஒரு ஊராகச் சுருக்கியிருந்தார்கள்.

இங்கேதான் என் முதல் சண்டை. டேங்கெலாவுக்கு ஒரு பெரிய வடிவம் அந்த டெமோவில் இருக்கிறது. 2006ல் டேங்க்ரோத் வந்தது. ஃபார்ஃபெட்ச்ட் வாத்துக்கும் அப்படியே, 2019ல்தான் வந்தது. உடனே 'பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். கொடி சுற்றிய ஓர் உருவத்துக்குப் பெரிய வடிவம் வேண்டும் என்று யார் யோசித்தாலும் பெரிய கொடி உருவம்தான் வரும். இது பலவீனமான சான்று. லீஃபியான் விஷயம் அப்படி இல்லை. 1997 டெமோவில் இருக்கும் அதே ஜப்பானியப் பெயர் 2006ல் அப்படியே திரும்பி வருகிறது. இது பலமான சான்று. ரெண்டையும் ஒரே தட்டில் வைத்து 'மீண்டும் பயன்படுத்தியவை' என்று ஒரே அட்டவணையில் போடுவது எப்படிச் சரியாகும்?

சடோரு இவாட்டா கதையும் இதே வகை. அவர் கேமைச் சுருக்கிக் கொடுத்ததால்தான் கான்டோ முழுவதும் தங்கம், வெள்ளிக்குள் அடங்கியது என்று எல்லாரும் சொல்கிறோம். நானே நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். நின்டெண்டோவின் சொந்தப் பேட்டித் தொடரில் வருவது, அவர் படங்களைச் சுருக்கும் கருவிகளைச் செய்துகொடுத்தார் என்பது. டெமோவில் கான்டோ ஒரு ஊர், 1999ல் முழு நிலப்பரப்பு என்பது நாம் கண்ணால் பார்ப்பது. இந்த இரண்டு உண்மைக்கும் நடுவில் 'அதனால்' என்று ஒரு சொல்லை நாமாகச் சேர்த்துவிட்டோம்.

இரண்டாவது சண்டை கொஞ்சம் பெரியது. 2020ல் நின்டெண்டோவின் உள் கோப்புகள் பெரிய அளவில் கசிந்தன. 2024 ஆகஸ்டில் கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் சர்வருக்குள்ளேயே யாரோ புகுந்தார்கள். அக்டோபரில் கோப்புகள் வெளியே கொட்டின. பணியாளர்கள், முன்னாள் பணியாளர்கள் உள்ளிட்டோரின் பெயர், மின்னஞ்சல் என 2,606 பதிவுகள் கசிந்ததாக நிறுவனமே அறிவித்தது. கூடவே பழைய வரைவுக் கதைகளும் வந்தன. மனிதருக்கும் போக்கிமானுக்கும் திருமணம் நடக்கும் கதை ஒன்றை அரைகுறை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, இணையம் ஒரு வாரம் சிரித்தது. எழுதியவர்களின் மனநிலையைப் பற்றியெல்லாம் தீர்ப்பு சொன்னார்கள்.

கொக்கு மனைவியாக வருவது, நரி மனைவியாக வருவது எல்லாம் ஜப்பானிய நாட்டார் கதைகளில் ஊறிய விஷயம். அதையாவது விடுங்கள். 2006ல் கடையில் விற்ற டைமண்ட், பேர்ல் கேம்களின் ஜப்பானியப் பதிப்பில், ஒரு நூலகத்தில் இருக்கும் பழங்கதைப் புத்தகமே முன்னொரு காலத்தில் மனிதரும் போக்கிமானும் மணந்துகொண்டார்கள், அன்று இருவருக்கும் வேறுபாடு இல்லை என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அதை ஒரே மேசையில் உண்டார்கள் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, வெளியான கேமை ஒழுங்காகப் படித்திருந்தாலே அந்த வரைவு எங்கிருந்து வந்தது என்று புரிந்திருக்கும். 39 காலி இடங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு நிதானமாகப் படித்த கூட்டம், கோப்புகள் மலை மாதிரி வந்து விழுந்ததும் படிப்பதை விட்டுவிட்டுப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

'நிறுவனங்கள் எதையும் பாதுகாப்பதில்லை, கசியாவிட்டால் எல்லாம் அழிந்துபோகும்' என்ற பதில் வரும். அதில் பாதி நியாயம் உண்டு. 1997 டெமோ கசியாமல் இருந்திருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியை எழுதியிருக்க முடியாது. அதை நானும் இறக்கி ஓட்டிப் பார்த்தவன்தான், யோக்கியன் வேஷம் போட வரவில்லை. ஆனால் அது மக்கள் முன்னால் வைத்து, மக்கள் கையால் விளையாடிய ஒன்று. அதைத் தேடுவதைப் பொது நினைவை மீட்பது என்று சொல்லலாம். ஒருவர் தன் அலுவலக மேசையில் எழுதிப் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கிய பக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. அது தொலைந்துபோகவில்லை, அவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நானும் தினமும் அபத்தமான பெயர்கள் வைத்து, பாதியில் விட்ட கோடு எழுதுகிறேன். யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் தப்பான யோசனையைக்கூட எழுதிப் பார்க்க முடிகிறது. அந்தத் தைரியம் போனால், நாம் ஆசையாகத் தேடும் அந்த விசித்திரமான நெருப்புக் கரடிகளை இனி யாரும் வரையவே மாட்டார்கள்.

ஆகவே 2024 கோப்புகளை நான் இறக்கவில்லை, இங்கே அவற்றிலிருந்து படமும் போடமாட்டேன். பழைய பட்டியலுக்கு மட்டும் ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன். 190 வரிசை, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள்: கோடில் பார்த்தது, உருவாக்கியவர் சொன்னது, ரசிகர் ஊகித்தது. 21வது வரிசையில் முதல் இரண்டு கட்டமும் நிரம்பியிருக்கிறது. காலியான 39ல் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாவது கட்டத்தில் மட்டும்தான் எழுத்து இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.