‘வனவாச’மும் வாசகரும்: கற்பிட்டியிலிருந்து ஒரு நோக்கு

1

இலக்கிய விமரிசனம் நூலோடு நின்றுவிடுவதன்று. நூல் வாசகரிடையே என்னவாகிறது என்பதும் அதன் ஆய்வுப் பொருளே. தன்வரலாற்றைப் பொறுத்தவரை இவ்வுண்மை மேலும் வலுவுடையது. எழுதியவர் புகழ்பெற்றவராயும், எழுதப்பட்டவற்றுள் அவரது குடியும் போதையும் அடங்குவனவாயும் இருக்குமிடத்து, வாசகர் அந்நூலை வெற்று மனத்தோடு அணுகுவதில்லை. அவரைப் பற்றி முன்னரே கொண்டிருந்த படிமம், குற்றம் பற்றியும் மன்னிப்பு பற்றியும் சமயம் கற்பித்த கருத்துக்கள், தத்தம் வர்க்க நிலை ஆகிய யாவும் வாசிப்பிலே சேர்ந்துகொள்கின்றன. கவிஞர் கண்ணதாசனின் ‘வனவாசம்’ இத்தகைய ஆய்வுக்கு வாய்ப்பானதொரு நூலாகும். அந்நூல் எவ்வாறு வாசிக்கப்பட்டது, அவ்வாசிப்பு எதை வெளிப்படுத்தி எதை மறைத்தது என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

நோக்குமிடமாகக் கற்பிட்டியைக் கொண்டமைக்குக் காரணம் உண்டு. தமிழ்ப் புலவரின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து ‘தமிழ் புளூராக்’ என்னும் ஆங்கில நூலை 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இவ்வூரிலேயே. புலவரது காலத்தை ஆராய முயன்ற அவர், அவர்களைப் பற்றி வழங்கிவந்த கதைகளையும் உடன் சேர்த்துத் தந்தார். ‘புலவர் சரித்திரம்’ என்ற நவீன கால வகைக்கு வழிகோலிய முயற்சிகளுள் அது முக்கியமானது. மேலும், தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் அருகருகே வாழும் இக்கரையில், ஒரே நூல் மூன்று சமய மரபுகளின் ஊடாக வாசிக்கப்படுவதைக் காணமுடிகிறது. இவற்றோடு, போதைப்பொருள் இங்கு ஏட்டுப் பிரச்சினையன்று. கடல்வழி வரும் கஞ்சாவும் ஹெரோயினும் இக்கரை மக்களின் அன்றாடச் செய்திகளாகும்.

2

1943 முதல் 1961இல் திராவிட முன்னேற்றக் கழகத்தை விட்டுப் பிரிந்தது வரையிலான தம் வாழ்க்கையைக் கண்ணதாசன் ‘வனவாசம்’ என அழைத்தார். தம்மை ‘நான்’ என்னாது ‘அவன்’ எனப் படர்க்கையிற் குறிப்பிட்டே நூலை எழுதினார். இவ்வுத்தி கவனத்துக்குரியது. எழுதுபவர் ஒருவர், தவறு செய்தவன் இன்னொருவன் என்ற பிளவை அது உண்டாக்குகிறது. ‘அவனை’ வாசகர் எவ்வளவு கண்டித்தாலும், அவனைப் பற்றி ஒளிக்காது எழுதும் கவிஞர்மீது மதிப்பு வளர்ந்துகொண்டே செல்கிறது. குடி, பரத்தையர் தொடர்பு ஆகியவற்றைத் தமிழிலே ஒரு பொதுவாழ்வுப் பிரமுகர் இவ்வளவு பகிரங்கமாக எழுதியது அரிது. பெத்தடின் ஊசிக்குத் தாம் அடிமைப்பட்டதையும் அவர் மறைத்தவரல்லர். இத்துணிவின் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடல் நேர்மையாகாது.

எனினும் நூலிலே வேறொரு வரலாறும் உளது. சென்னைக்கு வந்த இளைஞனின் பசி, வேலை தேடி அலைதல், சிறு பத்திரிகைகளின் ஆசிரியப் பணி, சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் கதை இலாகா, 1953ஆம் ஆண்டு டால்மியாபுரப் போராட்டச் சிறை, திரையுலகின் நிலையற்ற வருவாய் என அது விரிகிறது. ‘சிவகங்கைச் சீமை’ (1959) முதலான சொந்தத் தயாரிப்புகள் அவரைப் பெருங்கடனில் ஆழ்த்தின. பால்ஸாக் அரசியலில் முடியாட்சிச் சார்பினராயினும், அவரது புனைகதைகளிலிருந்து பொருளாதார விவரங்களைக்கூட வரலாற்றாசிரியரிடமிருந்து கற்றதிலும் அதிகமாகக் கற்றதாக ஏங்கெல்ஸ் 1888இல் எழுதினார். அதே அளவுகோலைக் கொண்டு பார்ப்பின், ‘வனவாசம்’ 1940கள், 50களின் தமிழ்ப் பண்பாட்டுத் தொழிற்றுறையில் எழுத்தாளன் எவ்வாறு கூலிக்கு அமர்த்தப்பட்டான் என்பதற்கான ஆவணமும் ஆகும்.

3

வாசகர் இவற்றுள் எதைக் கண்டனர்? இந்நூலுக்கு எழுந்த எதிர்வினைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, அரசியல் வம்பு வாசிப்பு. பிரிந்துவந்த கழகத்தின் தலைவர்களைப் பற்றி என்ன எழுதியுள்ளார் என்று தேடுவது இது. நூல் அரசியல் மேடைகளில் எடுத்தாளப்பட்டதும், தொடர்ந்து மறுபதிப்புப் பெற்றதும் பெருமளவு இதனாலேயே எனலாம். இங்கு போதை பின்தள்ளப்பட்டுவிடுகிறது. அடுத்தவர் அந்தரங்கமே நூலின் பொருளாகிறது. இது தமிழருக்கே உரிய குறையுமன்று. அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் மத்தியூ பெரி 2022 நவம்பரில் தம் போதை வாழ்க்கை பற்றிய நூலை வெளியிட்டபொழுது, கீயானு ரீவ்ஸ் என்ற சக நடிகரைப் பற்றிய ஒரு குத்தலான குறிப்பே பெரும் பரபரப்புக்குள்ளாயிற்று. அதற்காக அவர் மன்னிப்புக் கேட்கவும் நேர்ந்தது. போதையிலிருந்து மீளத் தாம் எழுபது இலட்சம் டொலருக்கு மேல் செலவிட்டதாக அவர் கூறியது அந்தளவு விவாதத்தை எழுப்பவில்லை. அப்பணம் இல்லாதவன் என்ன செய்வான் என்பதே அந்நூல் எழுப்பியிருக்க வேண்டிய முதற் கேள்வி. 2023 ஒக்டோபரில் கெற்றமின் மருந்தின் விளைவால் அவர் மாண்டார். அது தொடர்பில் 2024 ஓகஸ்ட்டில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவருள் இருவர் மருத்துவராவர்.

இரண்டாவது, பாவ மன்னிப்பு வாசிப்பு. பரத்தையர் வீட்டிலே செல்வத்தை இழந்து பின் முருகனருள் பெற்ற அருணகிரிநாதர், யாவும் துறந்த பட்டினத்தார் ஆகியோர் பற்றிய கதைகள் தமிழ் வாசகர் மனத்திலே ஏற்கெனவே உள்ளன. எழுபதுகளில் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எழுதத் தொடங்கிய கண்ணதாசன், தவறி வாழ்ந்த அனுபவமே அறிவுரை கூறும் தகுதியைத் தமக்குத் தந்தது என்னும் தொனியிலே பேசினார். வாசகர் பின்னோக்கிச் சென்று ‘வனவாச’த்தையும் அக்கதையின் முற்பாதியாக்கிக்கொண்டனர்.

கற்பிட்டியிலே இவ்வாசிப்பு பிற சமயச் சாயல்களையும் பெறுகிறது. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தைச் சார்ந்த கத்தோலிக்க மரபிலே பாவசங்கீர்த்தனம் பழக்கமான செயல். ‘இயேசு காவியம்’ பாடிய கவிஞரின் குற்ற ஒப்புதலை அம்மரபினர் இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றனர். முஸ்லிம் வாசகரின் நிலை வேறு. தவ்பா இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்டது. இறைவன் மறைத்த குற்றத்தைத் தானே பகிரங்கப்படுத்தல் தகாது என்பது நபிமொழி மரபில் அறியப்பட்ட கருத்து. “அல்லாஹ் மூடி வச்சத இவர் ஏன் தொறந்து காட்டுறார்?” என இவ்வூரின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வினவினார். இது குறுகிய மனத்தின் கேள்வியன்று. பகிரங்க வாக்குமூலம் தானாகவே உயர்ந்த இலக்கியமாகிவிடும் என்ற நவீன நம்பிக்கையை அது நேராகவே மறுக்கிறது. ஆயினும் ஏற்போரும் மறுப்போரும் ஓரிடத்தில் உடன்படுகின்றனர். போதை என்பது மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான கணக்கு என்பதே அவ்விடம்.

மூன்றாவது, கலை வழிபாட்டு வாசிப்பு. குடித்ததனாற்றான் பாட்டுப் பிறந்தது என்பது இதன் சாரம். மதுக்கிண்ணமும் கவிதையும் இணைந்த உருவத்தைக் கவிஞரே தம் கவிதைகளில் வளர்த்தவர். மெட்டுக்குப் பாட்டெழுதும் தொழிலோ மிகக் கடினமான உழைப்பு. இசையமைப்பாளர் காத்திருக்க, தயாரிப்பாளர் நாட்கணக்குப் பார்க்க, குறித்த வேளையில் குறித்த சீரில் சொல் விழவேண்டும். ஆயிரக்கணக்கான பாடல்கள் இவ்வாறு பிறந்தன. அவ்வுழைப்பின் பயனை மதுவுக்கு உரித்தாக்குவது உழைத்தவனுக்குச் செய்யும் அநீதியாகும். இலங்கை வானொலி வழியே அப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த இக்கரைக்கும் அப்படிமம் வந்து சேர்ந்துளது. கவிஞரைப் பற்றிப் பேச்செழுந்த ஓரிடத்தில், மீனவத் தொழிலாளி ஒருவரின் மனைவி கூறிய சொற்கள் இவை: “அவர் குடிச்சாப் பாட்டு வந்திச்சு. எங்கட மனுசன் குடிச்சாக் கடன்தானே வந்திச்சு.”

நூலைப் படியாத அப்பெண்ணின் கூற்று, படித்தோர் பலர் காணாததைக் கண்டுவிட்டது. ஒரே பழக்கம் ஒருவனிடத்து அனுபவம் எனவும், மற்றொருவனிடத்து ஒழுக்கக்கேடு எனவும் பெயர் பெறுகிறது. மன்னிப்பும் வர்க்க அடிப்படையிலேயே பங்கிடப்படுகிறது.

4

இவ்வேறுபாடு புதியதன்று. போதை பற்றிய நவீன தன்வரலாறுகளின் முன்னோடியாகக் கொள்ளப்படுவது, தோமஸ் டி குவின்சி 1821இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளியிட்ட அபினியுண்போனின் வாக்குமூலம் ஆகும். அவரது கனவுகளின் வர்ணனையில் வாசகர் மயங்கினர். அபினிப் பழக்கத்தை அந்நூல் தூண்டுகிறதென வேறு சிலர் கண்டித்தனர். ஆனால் நூலின் முன்னுரையிலேயே அவர் ஒரு செய்தியைக் கூறியிருந்தார். மான்செஸ்ரர் பருத்தி ஆலைத் தொழிலாளரிடையே அபினிப் பழக்கம் பரவிவருகிறது, கூலி குறைந்தமையால் மது வாங்க இயலாது மலிவான அபினியை நாடுகின்றனர், சனிக்கிழமை பிற்பகலில் மருந்துக்கடைகள் அபினி உருண்டைகளை முன்கூட்டியே அடுக்கிவைக்கின்றன என்பதே அச்செய்தி. மயங்கியோரும் கண்டித்தோரும் இப்பகுதியைக் கடந்து சென்றுவிட்டனர். அதைப் போன்ற உண்மையை 1867இல் ‘மூலதன’த்திலே மார்க்ஸ் மீண்டும் எடுத்துக்காட்டினார். தாய்மார் ஆலைக்குச் செல்ல, குழந்தைகளுக்கு அபினிக் கலவை ஊட்டப்பட்டதை அரசாங்க அறிக்கைகளிலிருந்தே அவர் நிறுவினார். கவிஞனின் அபினி இலக்கிய வரலாற்றில் இடம்பெற்றது. தொழிலாளியின் அபினி சுகாதார அறிக்கையில் இடம்பெற்றது.

‘வனவாச’ காலத்துச் சென்னையிலும் இப்பிளவு சட்டமாகவே நிலவியது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. வசதி படைத்தோர் உடல்நலக் காரணங்காட்டி அனுமதிச் சீட்டுப் பெற்று அயல்நாட்டு மது அருந்தலாம். ஏழை கள்ளச்சாராயம் அருந்திச் சிறை செல்லலாம். 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி நீங்கியது. 1983இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான ‘டாஸ்மாக்’ 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. குடிப்பவனை நெறிகெட்டவன் என்னும் அரசே அவனுக்கு ஊற்றிக்கொடுப்பவனும் ஆயிற்று.

இலங்கையின் வரலாறு இன்னும் தெளிவானது. ஒல்லாந்தர் காலத்திலேயே சாராய உரிமைகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஆங்கிலேயர் அதனைப் பெரும் வருவாயாக்கினர். குமாரி ஜயவர்த்தனா 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே, இந்நாட்டு முதலாளி வர்க்கத்தின் எழுச்சியில் சாராயக் குத்தகைக்கு இருந்த பங்கை விரிவாக நிறுவியுள்ளார். மதுவொழிப்பு இயக்கத்திலே முன்னின்ற குடும்பங்கள் சிலவற்றின் செல்வமும் அவ்வழியே வந்ததென்பது வரலாற்றின் முரண். தவறணைக்குப் பணம் கொடுத்தவர்கள் வறியவராயினர். தவறணையிற் பணம் எடுத்தவர்கள் ஒழுக்கம் போதித்தனர்.

5

இப்பின்னணியிலே கற்பிட்டிக் கடற்றொழிலாளியின் நிலையை நோக்குதல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு கடல் கொந்தளித்துத் தொழில் குன்றும். அம்மாதங்களில் முதலாளியிடம் முற்பணம் பெறுதலும், பருவம் வந்ததும் பங்கிலிருந்து அது கழிக்கப்படுதலும் மீன்பிடித் தொழிலின் நெடுநாளைய வழக்கம். கழித்தது போக எஞ்சியதிலே கசிப்புக்கும் பங்குண்டு. அண்மைக் காலத்தில் ஹெரோயினும் ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளும் இளைஞரை நாடி வந்துள்ளன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினர் இம்மாவட்டத்தில் வந்து தங்கியதனால், நிலமும் தொழிலும் குறைந்த இன்னொரு தலைமுறையும் இங்கே உருவாயிற்று. இவ்விளைஞரின் போதைக்கு வரலாறு உண்டு. அவர்தம் தன்வரலாற்றுக்கோ பதிப்பாளர் இல்லை.

தன்வரலாற்றுக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைப்பது பொலிஸ் அறிக்கையாகும். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிலே நாடெங்கும் பல்லாயிரவர் கைது செய்யப்பட்டனர். ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் அதனை இடைநிறுத்தி மீளாய்வு செய்யுமாறு கோரினர். அதற்கு முன்னர், 2022 யூன் மாதத்திலே கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். ஒப்புதல் வாக்குமூலம் என்ற தொடர் கவிஞனுக்கு இலக்கிய வகையைக் குறிக்கிறது. இவர்களுக்கு வழக்கேட்டைக் குறிக்கிறது.

6

எனவே ‘வனவாச’த்தைப் புறக்கணித்தல் வேண்டுமா? அன்று. முற்போக்கு விமரிசனம் இவ்வகை நூல்களை வணிக எழுத்து என்றும் நச்சிலக்கியம் என்றும் ஒதுக்கிவந்ததுண்டு. தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாகக் கண்டு 1981இல் தனிநூல் எழுதிய பேராசிரியர் சிவத்தம்பி போன்றோர் விதிவிலக்காவர். ஒதுக்கியோர் ஒன்றை மறந்தனர். ஒழுக்கத்தின் பெயரால் ஒரு நூலைத் தள்ளுதலும், பக்தியின் பெயரால் அதனைப் போற்றுதலும் ஒரே அடிப்படையில் நிற்பவை. தனிமனிதன் நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பளிப்பதோடு இரண்டுமே நின்றுவிடுகின்றன. கூலி, கடன், அனுமதிச் சீட்டு, வரி, குத்தகை என்பவை தீர்ப்புக்கு வெளியே தப்பிவிடுகின்றன.

வேண்டப்படுவது வேறொரு வாசிப்பு. கண்ணதாசன் தம்மைப் பற்றிக் கூறியவற்றை முழுமையாக எடுத்துக்கொண்டு, ‘அவனை’ உருவாக்கிய தொழில், சந்தை, அரசியல் ஆகியவற்றை அந்நூலிலிருந்தே மீட்டெடுத்தல் முதற்பணி. கவிஞருக்கு மனமுவந்து அளித்த பரிவை, அதே நோயுற்ற கடற்றொழிலாளிக்கும் அளிக்க வாசகரைப் பழக்குதல் இரண்டாவது பணி. அப்பரிவு இரக்கமாகச் சுருங்காமல், சிகிச்சைக்கான உரிமையாகவும் கடனிலிருந்து விடுதலை பெறும் கோரிக்கையாகவும் வளர்தல் வேண்டும்.

மூன்றாவது பணி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்குரியது. காசிச்செட்டி தம் காலத்திலே புலவர் வரலாறுகளைத் தேடித் தொகுத்தார். அவர் பிறந்த கரையிலே இன்று தேடவேண்டியவை புலவரல்லாதாரின் வரலாறுகள். கசிப்பினாற் கணவரை இழந்த பெண்களும் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து மீண்ட இளைஞரும் தம் வாழ்வைத் தாமே கூற, அவர்தம் பெயரும் பாதுகாப்பும் கெடாதவாறு பதிவு செய்து வெளியிடுவது இயலாத காரியமன்று. முஸ்லிம் ஆசிரியரின் தயக்கத்தை அங்கே மதித்தேயாகவேண்டும். எதைச் சொல்வது, எதை மூடிவைப்பது என்ற முடிவு சொல்பவருடையதாகவே இருத்தல் தகும். அத்தகைய பதிவுகள் வந்த பின்னர் ‘வனவாச’த்தை அவற்றோடு சேர்த்து வாசிப்போமாயின், அந்நூலின் தகுதியும் குறையும் இன்றைக்காட்டிலும் தெளிவாகப் புலப்படும்.