லைக் போட்டவரெல்லாம் உறுப்பினரா?

தச்சநல்லூரில் எங்க பக்கத்துப் பையன்கள் ஒரு விளையாட்டு மன்றம் நடத்துகிறார்கள். இன்ஸ்டாகிராமில் அவர்கள் போடும் ரீல்ஸ் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனால் ஆண்டுக் கூட்டத்துக்குப் போட்ட இருபது நாற்காலியில் பாதி காலி. "இத்தனை லைக் வருது, சந்தா கட்ட ஒருத்தனும் வரமாட்டக்கான் அண்ணாச்சி" என்று செயலாளர் தம்பி புலம்பினான்.

எனக்கு ரஜினி மக்கள் மன்றம் ஞாபகம் வந்தது. 2017 டிசம்பர் 31 அன்று அரசியலுக்கு வருவதாக ரஜினி அறிவித்தார். மறுநாளே ட்விட்டரில் வீடியோ போட்டு, இணையதளத்திலும் செயலியிலும் பெயரையும் வாக்காளர் அட்டை எண்ணையும் பதிவு செய்யச் சொன்னார். ஆள் சேர்க்க அதைவிட வேகமான வழி கிடையாது. அதைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்தவருக்குக் கிடைத்த உரிமை என்ன? 2020 டிசம்பர் 29 அன்று கட்சி தொடங்கப்போவதில்லை என்று ரஜினி அறிவித்தார். உடல்நிலை காரணம், அது நியாயமானதும்கூட. ஆனால் மன்றத்துக்காரர்களால் முடிந்தது, 2021 ஜனவரி 10 அன்று வள்ளுவர் கோட்டத்தில் கூடி முடிவை மாற்றச் சொல்லிக் கெஞ்சியது மட்டும்தான். அந்த ஜூலையில் மன்றமே கலைக்கப்பட்டது.

இதோடு பார்சிலோனா கால்பந்துக் கழகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உலகம் முழுக்க அதைப் பின்தொடர்பவர்கள் பல கோடி. சந்தா கட்டும் உறுப்பினர்களோ அப்போது சுமார் 1.4 லட்சம் பேர்தான். 2020இல் தலைவர் பர்த்தமேயு மேல் அவர்களுக்குக் கோபம் வந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தேவை 16,500 சொச்சம் கையெழுத்து; 20,000க்கு மேல் சேர்ந்துவிட்டது. வாக்கெடுப்புக்கு முன்பே, அக்டோபர் 27 அன்று அவர் பதவி விலகினார். அடுத்த மார்ச்சில் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்ததும் உறுப்பினர்கள்தான். பல கோடி லைக்குகளுக்கு அங்கே ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

அது பெரிய கழகம், நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். கணக்கு ஒன்றுதான். சந்தா கட்டினால் என்ன உரிமை, என்ன வேலை, கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம் என்று தெரிந்தால்தான் ஆள் உள்ளே வருவான். வெறும் கோப்பைப் படத்துக்குக் கைதட்ட வெளியே நின்றாலே போதுமே!

தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். ரீல்ஸை நிறுத்தவேண்டாம். கூடவே வரவு செலவையும் போடு, மைதானத்தில் யார் கல் பொறுக்கினார் என்று போடு, அடுத்த தேர்தல் தேதியைப் போடு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது ஏழு பேரைத்தான். அன்றைக்கு உங்கள் கூட்டத்தில் பத்து நாற்காலி நிறைந்திருந்ததே, அந்தப் பத்துப் பேரிலிருந்து தொடங்கு.