பெயர் பதிந்த கையுறை

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கையுறைகளைச் சேகரிப்பவர்கள் அநேகர். அவர்களுள், பேப் ரூத் போன்ற மகா பிரசித்தர்களின் பெயர் தாங்கியவற்றை விடுத்து, இன்று பழைய ஆட்டக் கணக்குகளில் மாத்திரம் வாழ்கிற ஆட்டக்காரர்களின் கையெழுத்துப் பதித்த கையுறைகளையே தேடி அலைகிறவர்களிடம் எனக்குத் தனி அபிமானம் உண்டு.

அப்படிப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெயும் வியர்வையும் ஊறிய உள்ளங்கைத் தோல் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருக்கும். பந்து விழுந்து விழுந்து குழிந்துபோன இடத்துக்கு அருகே, அழுத்திப் பதித்த கையெழுத்து பாதி தேய்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் புலப்படும்.

இவற்றுள் பில் டோக் என்பவரின் பெயர் கொண்டது விசேஷமானது. செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியின் பந்து வீச்சாளராகிய அவர், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் வார்களைப் பின்னி வலைபோல் அமைத்தால், வெறும் கைக்காப்பாக இருந்த சாதனம் பந்தை ஏந்தும் பையாகவே மாறிவிடும் என்று கண்டு ராலிங்ஸ் கம்பெனிக்கு யோசனை சொல்ல, 1920-ஐ ஒட்டி வெளிவந்த அந்தக் கையுறை, 1929-இல் அவர் ஆட்டத்தை விட்டு விலகிய பிறகும் சுமார் இருபது ஆண்டுக் காலம் விற்பனையாயிற்று. அவர் வீசிய பந்துகளைக் கண்டிராத பிள்ளைகளும் அவர் பெயரைக் கையில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் ஓடினார்கள்.

அறுந்த வாரை மாற்றிப் புதுக்குவதை நான் ஒப்புவதில்லை. யாரோ ஒரு தகப்பனார் பூட்ஸ் கயிற்றால் அவசரமாக முடிச்சிட்டிருந்தால், அந்த முடிச்சும் அப்படியே இருக்கட்டும்.