குறத்தியின் கையும் திருவிருந்துப் பாத்திரமும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் (1774–1864) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாக நிற்கிறார்கள். தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனை மரபை வளர்த்தெடுத்த பெருங்கவிஞர் என்று கொண்டாடுகிறவர்கள் ஒருபுறம். திருச்சபைக்குள் சாதியைக் காக்க வாதாடியவர் என்று ஒதுக்குகிறவர்கள் மறுபுறம். இரண்டும் உண்மைதான். ஆனால் இவை ஒரே கையெழுத்தில் எப்படிச் சேர்ந்திருந்தன என்று இரு அணியினரும் கேட்பதில்லை. அதைக் கேட்க, அவர் படைத்த ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கலாம்.

பாளையங்கோட்டை வேளாளக் குடும்பத்தில் பிறந்த சாஸ்திரியாரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்து வந்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார். பின்னாளில் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்ஸின் பராமரிப்பில் இருந்தவர். மிஷன் பள்ளியில் ஆசிரியரான சாஸ்திரியார், பிரசங்கத்தைப் பாட்டாகவும் கூத்தாகவும் மாற்றினார். அவற்றுள் பெயர்பெற்றது ‘பெத்லகேம் குறவஞ்சி’. அதில் தலைவி தேவமோகினி. அவள் காதல் கொள்ளும் தலைவன் கிறிஸ்து. அவளுக்குக் குறி சொல்ல வருகிற குறத்தியோ விசுவாசம். அவளுடைய கணவன் ஞானச்சிங்கன், ஆன்மாக்களாகிய பறவைகளை வலைவீசிப் பிடிக்கும் உபதேசியார்.

இந்த உருவகத்தைக் கவனியுங்கள். விசுவாசத்துக்கு உருவம் தேடிய கவிஞர் அரசியையோ குருவையோ தேர்ந்தெடுக்கவில்லை; கூடை சுமந்து ஊர் ஊராக அலையும் குறத்தியைத் தேர்ந்தெடுத்தார். குறவஞ்சி இலக்கணப்படி குறத்தி தலைவியின் கையைப் பிடித்துத்தான் ரேகை பார்க்க வேண்டும். உயர்குடிப் பெண்ணின் கையைத் தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தி உரிமையோடு தொடுகிறாள். அந்தத் தொடுகையின் வழியாகவே நற்செய்தி வருகிறது.

அதே சரபோஜியின் மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’யைப் பெரிய கோயிலில் தேவதாசிகள் ஆடினார்கள். அங்கும் குறத்தி வந்தாள். கோயிலிலும் சபையிலும் இலக்கியக் குறத்திக்கு இடமிருந்தது. ஊரில் குறவர் குடிப் பெண்ணுக்கு இல்லை. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அதன் பட்டியலில் குறவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

இனி 1829க்கு வருவோம். முந்தைய லுத்தரன் மிஷனரிகள் ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதைப் பொறுத்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்கள் பொறுக்கவில்லை. அவர்கள் செய்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் நான்கை அடுக்கினார்: வழக்கிலிருந்த தமிழ் வேதாகமத்தைத் திருத்துவது, திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்குவது, விழாக்களில் பூவைத் தடுப்பது, வழிபாட்டிலிருந்து தமிழ்ப் பாட்டை விலக்குவது.

இந்த நான்கில் மூன்றோடு நமக்குச் சண்டையில்லை. மனப்பாடமாகிவிட்ட வேத மொழியை மாற்றினால் நெஞ்சு பதறும். பூவையும் பாட்டையும் ஐரோப்பியர் ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தால் கோபம் வரும். கல்யாணத்திலிருந்து சாவு வரை பூவோடும் பாட்டோடும் வாழ்கிற தஞ்சைப் பெண்களுக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும். சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் பறையர் வாய் வைத்த பின் வேளாளர் குடிக்கக் கூடாது என்பதும், ஆலயத்தில் தமிழில் பாட வேண்டும் என்பதும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. பூவின் மணம் தீண்டாமையின் மேல் பூசப்படுகிறது. பண்பாடு என்ற சொல்லை எவர் உச்சரித்தாலும், அந்தப் பட்டியலுக்குள் வேறென்ன இருக்கிறது என்று பார்க்க நமக்கு இது நல்ல பாடம்.

மிஷனரிகளைச் சமத்துவ வீரர்களாக்கவும் வேண்டியதில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதியை விட்டுவிட உத்தரவிட்டார். ஆனால் அவர் பிரதிநிதியாயிருந்த ஆட்சி, டெல்டாவின் நிலத்தையும் பண்ணையடிமை முறையையும் அசைக்க அவசரப்படவில்லை. பாத்திரத்தைப் பொதுவாக்கியவர்கள் வயலைப் பொதுவாக்கவில்லை.

ஆகவே முரண் இதுதான்: கூத்தில் குறத்தியின் கை தலைவியைத் தொடலாம், ஆலயத்தில் பறையரின் உதடு பட்ட பாத்திரத்தைத் தொடக் கூடாது. குறத்தி உருவகமாக இருக்கும்வரை அவளிடம் தீட்டில்லை. உடம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தீட்டு. பெண்ணை உருவகமாக உயர்த்துவதும் உடம்பாகத் தள்ளுவதும் நம் இலக்கியத்துக்குப் பழகிய வேலை. சாஸ்திரியார் அதைத் தொடர்ந்தார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டுக் குடிக்க விரும்பிய ஒருவரைப் பாடியவர் அவர் என்பதால் இந்த முரண் கூடுதலாக உறுத்துகிறது.

பாத்திரத்தின் கேள்வி இந்த மண்ணில் சோற்றின் கேள்வியும்கூட. நாற்று நட்டு, களை பறித்து, கதிரறுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் பின்னணியில் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது 1968 டிசம்பர் 25 இரவு. டெல்டாவில் பெத்லகேமைப் பிரசங்கிக்கிற எவரும் அந்த இரவைத் தாண்டிக்கொண்டு போய்விட முடியாது.

சாஸ்திரியாருக்குப் பதில் சொன்ன போதகர் ஒருவர் தமிழகத்திலேயே உண்டு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, கர்நாடக இசைக் கீர்த்தனைகளில் மேல்சாதி வாடையைக் கண்டார். நாட்டுப்புற மெட்டில் பாட்டெழுதினார். எல்லாருக்கும் ஒரே உலையில் சோறு என்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்தார். தனிப் பாத்திரத்துக்கு ஒரே உலை சரியான மறுமொழி. ஆயினும் நாம் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும்: அந்த உலையை அடுப்பில் ஏற்றி, ஊதி, வடித்து இறக்குவது யார்? சமத்துவ விருந்திலும் பரிமாறுகிறவள் கடைசியில் சாப்பிட்டால், உலை ஒன்றாயிருந்தும் பந்தி இரண்டுதான்.

தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் பேராயராக 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விசுவாசத்தையே பெண்ணாகப் பாடி அதற்குள் இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. பெத்லகேம் குறவஞ்சியை மாணவிகள் வாசிக்க வேண்டும். அதன் தாளமும் துணிவும் நம்முடையவை. வாசிக்கும்போது 1829இன் பட்டியலையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். குறத்தி சொல்லும் குறியை அவளைப் படைத்தவருக்கும் சேர்த்துப் பார்க்கலாம்.