'அணுக்களின் திரைப்படம்': அதிவேக எலக்ட்ரான் விளிம்பு விளைவைப் பற்றிய ஓர் உருவகம்

பொருளுக்குள் அணுக்கள் இடம்பெயர்வதை ஃபெம்டோ நொடி அளவில் பின்தொடரும் ஆய்வு முறை அதிவேக எலக்ட்ரான் விளிம்பு விளைவு எனப்படுகிறது. ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பொது அறிவியல் எழுத்தில் இம்முறைக்கு 'அணுக்களின் திரைப்படம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கவர்ச்சியான உருவகம்தான். ஆனால் ஆய்வின் கடினமான பாதியை அது மறைத்துவிடுகிறது. இதில் எவரும் அணுவைப் பார்ப்பதில்லை. திரையில் பதிவாவது வளையங்களும் புள்ளிகளும் மட்டுமே. அணு எங்கிருந்தது என்பது அவற்றிலிருந்து கணக்கிட்டுச் சொல்லப்படுவது.

செய்முறை எளிதாக விளங்கக்கூடியது. ஒரு லேசர் துடிப்பு இரண்டாகப் பிரிக்கப்படும். ஒன்று மாதிரியைத் தாக்கி அணுக்களை உலுக்கும். மற்றொன்று உலோகத் தகட்டில் பட்டு எலக்ட்ரான்களை வெளியேற்றும். அந்த எலக்ட்ரான் கொத்து, உலுக்கப்பட்ட மாதிரியினூடே சென்று சிதறும். ஒரு துடிப்பின் பாதையை 0.3 மில்லிமீட்டர் நீட்டினால் அது ஒரு பிகோ நொடி, அதாவது ஆயிரம் ஃபெம்டோ நொடி, தாமதமாக வரும். இப்படித் தாமதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பல முறை பதிவு செய்து, பிறகு வரிசையாக அடுக்குகிறார்கள்.

ஆகவே இதற்கு உறவான கருவி சினிமா கேமரா அல்ல, ஸ்ட்ரோபாஸ்கோப். தாராபுரம் பக்கத்துக் குண்டடத்திலும் பல்லடம் வட்டாரத்திலும் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 15,000 முறைக்கு மேல் சுழலும் ஸ்பிண்டில், சரியான இடைவெளியில் மின்னும் ஒளியில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். டேப் தளர்ந்து வேகம் குறைந்த ஸ்பிண்டில் மட்டும் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும். முறுக்கு குறைந்த நூல் எங்கிருந்து வருகிறது என்று அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். இதில் ஒரு பொறியும் உண்டு. ஒளி பாதி வேகத்தில் மின்னினாலும் ஸ்பிண்டில் நிற்பதாகவே தெரியும். காட்சி ஒன்றுதான், ஸ்பிண்டிலின் வேகம் முன்பே ஓரளவு தெரிந்தவருக்குத்தான் அதன் பொருள் விளங்கும்.

எலக்ட்ரான் ஆய்விலும் நிலைமை இதுவே. 2003-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிராட்லி சிவிக், டுவெய்ன் மில்லர் குழுவினர் 20 நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினியப் படலத்தை லேசரால் உருக்கினர். படிக ஒழுங்கு 3.5 பிகோ நொடியில் குலைந்ததை வளையங்களின் மாற்றம் காட்டியது. உருகிய இடம் மீண்டும் பயன்படாது. ஒவ்வொரு முறையும் படலத்தில் புதிய இடம் வேண்டும். அதாவது அந்தத் 'திரைப்படத்தின்' அடுத்தடுத்த காட்சிகளில் நடித்தவை வெவ்வேறு அணுக்கள். 2001-ல் அகமது செவெய்ல் குழுவினர் கால்டெக்கில் செய்த வாயு ஆய்வுகளில் இன்னொரு வரம்பு உண்டு. வாயு மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால் அணு இணைகளுக்கிடையே உள்ள தூரங்கள் மட்டுமே கிடைக்கும். முழு வடிவத்தைக் கணக்கீட்டு மாதிரியோடு ஒப்பிட்டே தேற வேண்டும். செவெய்ல் குழுவினர் இதை மறைக்கவில்லை. ஒப்பீட்டைத் தங்கள் கட்டுரைகளிலேயே தந்தார்கள். அது விடுபட்டுப் போவது செய்தியாக்கத்தில்தான்.

விளிம்பு விளைவுப் புள்ளிகளைப் படிப்பதில் உள்ள இடர் இந்திய அறிவியலுக்குப் புதிதல்ல. 1940-ல் பெங்களூரில் சி. வி. ராமனும் பி. நீலகண்டனும் வைரத்தில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, வழக்கமான புள்ளிகளோடு கூடுதலான சில புள்ளிகளைக் கண்டனர். எக்ஸ் கதிரே படிகத்தை அதிரவைத்து, அதிர்வெண் மாறித் திரும்புகிறது என்று ராமன் விளக்கினார். கேத்லீன் லான்ஸ்டேலும் மாக்ஸ் பார்னும் இதை ஏற்கவில்லை. வெப்பத்தால் அணுக்கள் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கின்றன, அந்த அதிர்வே கதிரைச் சிதறடிக்கிறது என்றனர். இதற்கான கோட்பாட்டை 1920-களிலேயே ஃபாக்சனும் வாலரும் வகுத்திருந்தனர். இரு தரப்பின் கையிலும் இருந்தது ஒரே வகைப் படம். வழக்கைப் பிரித்தது வெப்பநிலை. சில புள்ளிகள் வெப்பத்தோடு மாறின. மாறாதவை சிலவகை வைரங்களில் உள்ள படிகக் குறைபாடுகளால் வந்தவை என்று பின்னர் தெரிந்தது. ராமனின் கண் தவறவில்லை, விளக்கம் தவறியது. படிக அதிர்வுகள் பற்றிய தம் கோட்பாட்டை அவர் கைவிடவும் இல்லை. 1950-களின் பிற்பகுதியில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வுக்கூடத்தில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸும் பி. கே. ஐயங்காரும் நியூட்ரான்களைக் கொண்டு ஜெர்மானியப் படிகத்தின் அதிர்வுகளை அளந்தபோது, அளவீடுகள் பார்ன் வழிக் கோட்பாட்டின் பக்கமே நின்றன.

அந்த மங்கலான சிதறல்தான் இன்று எலக்ட்ரான் ஆய்வின் முக்கியமான தடயம். மெக்கில் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற சிவிக்கின் குழு, கிராஃபைட்டை லேசரால் உலுக்கி, பிரகாசமான புள்ளிகளுக்கு இடைப்பட்ட அந்த மங்கல் ஒளி எங்கே, எப்போது கூடுகிறது என்று அளந்தது. லேசர் தந்த ஆற்றலை எந்த அதிர்வு முதலில் வாங்கிக்கொள்கிறது, அது மற்ற அதிர்வுகளுக்கு எவ்வளவு நேரத்தில் கைமாறுகிறது என்பதை இதிலிருந்து சொல்ல முடிகிறது. திரைப்படம் என்ற சொல்லுக்குள் இந்த மங்கலுக்கு இடமில்லை. படச்சுருளில் அது பழுதாகவே கொள்ளப்படும்.